பாராமல் வரைந்த பறவை

குழந்தைகளுக்கான நூல்களில் படம் வரைவது இருபது ஆண்டுகளாக என் தொழில். இந்த இருபது ஆண்டுகளில் இருவாச்சிப் பறவையைப் பதினொரு முறை வரைந்திருக்கிறேன். வளைந்த பெரிய அலகு, அதன்மேல் கொம்பு போன்ற புடைப்பு, விரிந்த சிறகு என்று எல்லாம் கைக்குப் பழகிப்போனவை. சென்ற ஆண்டு பெங்களூரில் ஒரு பள்ளி நூலகத்தில் கதை நேரம் ஒன்றிற்கு என்னை அழைத்திருந்தார்கள். கதை முடிந்ததும் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் நூலைத் திறந்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னருகே வந்தாள்.

"ஆன்ட்டி, இந்தப் பறவையை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?"

"காட்டில்" என்றேன்.

"எந்தக் காட்டில்?"

நல்லவேளையாக மணி அடித்தது. உண்மையில் நான் எந்தக் காட்டிலும் இருவாச்சியைக் கண்டதில்லை. யாரோ எடுத்த ஒளிப்படங்களைப் பார்த்து வரைந்தவையே அந்தப் பதினொன்றும். ஒரு குழந்தையிடம் சொன்ன சிறிய பொய் என்று அதை ஒதுக்கிவிட முயன்றேன், இயலவில்லை. அப்போது மழைக்காடு பற்றிய புதிய நூல் ஒன்றிற்குப் படம் வரைய ஒப்புக்கொண்டிருந்தேன். மூன்று மாதங்களாக ஒரு பக்கமும் நிறைவாக அமையவில்லை. வரைந்தவை யாவும் முன்பே எங்கோ பார்த்தவையாகத் தோன்றின. புதிய கணினி வாங்குவதற்காகச் சேர்த்துவந்த தொடர் வைப்பு அந்த ஜூன் மாதம் முதிர்வடைந்தது. கணினியைத் தள்ளிவைத்துவிட்டு, அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு ஆகும்பேக்குப் புறப்பட்டேன்.

மழை குடியிருக்கும் ஊர்

கர்நாடக மாநிலம், சிவமொக்கா மாவட்டம், தீர்த்தஹள்ளி வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் அமைந்த சிற்றூர் ஆகும்பே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரம். உடுப்பியிலிருந்து 55 கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் சோமேஸ்வரத்தைக் கடந்ததும் சாலை கொண்டை ஊசி வளைவுகளாக மாறி, சமவெளியை நொடியில் மறக்கச் செய்துவிடுகிறது.

அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று முதலில் மோதும் சுவர்களுள் ஒன்று இந்த மலைவிளிம்பு. மோதிய காற்று மேலெழுந்து, குளிர்ந்து, தன் சுமை முழுவதையும் இங்கேயே இறக்கிவிடுகிறது. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்க, ஆகும்பேயில் அது 7,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. 1946 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 4,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ததாகப் பதிவேடுகள் கூறுகின்றன. 'தென்னகத்தின் சிரபுஞ்சி' என்ற பெயர் இவ்வூருக்கு வந்தது இவ்வாறுதான்.

இந்த மழையில் விளைந்த பசுமைமாறாக் காடு உலகின் கவனத்தையும் பெற்றது. 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, ஆகும்பே காப்புக்காடும் அதன் அடிவாரத்தில் உள்ள சோமேஸ்வர வனவிலங்குச் சரணாலயமும் அப்பட்டியலில் இடம்பெற்றன.

நான் தங்கிய வீடு ஒரு பாக்குத் தோட்டத்தின் நடுவே இருந்தது. எனக்கு வழிகாட்டியாக வந்தவர் அவ்வூர்ப் பாக்கு விவசாயி ஒருவரின் மகன், முப்பது வயதிருக்கும். முதல் நாள் காலையில் என் கைப்பையைத் திறந்து பார்த்தவர், மைப்பேனாக்களையும் நீர்வண்ணப் பெட்டியையும் வெளியே எடுத்து வைத்தார். "இவையெல்லாம் இங்கே ஐந்து நிமிடம்கூடத் தாங்காது, அக்கா. பென்சில் ஒன்று போதும்" என்றார். அவர் சொன்னது சரியே. மை நீரில் கரையும். பென்சிலின் கோடு கரையாது. நான்கு நாள்களும் என் கருவி இரண்டு பென்சில்களும் நீர் புகாத தாளால் ஆன ஒரு குறிப்பேடும் மட்டுமே.

ஓர் இலையின் முனை

காட்டினுள் நுழைந்ததும் எனக்கு முதலில் ஏற்பட்டது வியப்பன்று, ஏமாற்றம். எதுவும் தென்படவில்லை. மேலே மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரையிட்டிருந்தன. பகலொளியில் மிகச் சிறு பங்கே தரையை எட்டியது. ஒளிப்படங்களில் கண்ட காடு உயிர்களால் நிரம்பி வழியும். நான் நின்ற காடோ மழையின் ஒலியாலும் என் காலுறையின்மேல் ஏறும் அட்டைகளாலும் மட்டுமே நிரம்பியிருந்தது.

"ஒரு மணி நேரம் இங்கேயே உட்காருங்கள்" என்றார் வழிகாட்டி. "நாம் நடந்தால் காடு நின்றுவிடும். நாம் நின்றால் அது நடக்கும்."

அகன்ற பலகை வேர்களுடன் நின்ற ஒரு மரத்தடியில் அமர்ந்தேன். மழைக்காட்டு மண்ணில் ஊட்டம் மேலடுக்கில்தான் மிகுதி. உதிர்ந்த இலை விரைவாக மக்கி, உடனே மீண்டும் மரத்திற்குள் சென்றுவிடுகிறது. ஆகவே வேர்களில் பெரும்பகுதி ஆழத்தைத் தேடாமல் பக்கவாட்டில் பரவுகிறது. அவ்வளவு உயரமான மரத்தைச் சுவர் போல் எழும் பலகை வேர்கள் தாங்கிக்கொள்கின்றன.

வேறு வேலையின்மையால் என் முகத்தருகே இருந்த ஓர் இலையை வரையத் தொடங்கினேன். கால்மணி நேரம் கழித்தே அதன் முனை கண்ணில் பட்டது. இலை முடிய வேண்டிய இடத்தில் முடியாமல், ஒரு மெல்லிய வால் போல நீண்டு கீழ்நோக்கி வளைந்திருந்தது. இலைமேல் விழுந்த நீர் அவ்வால் வழியே ஓடிச் சொட்டியது. அருகிருந்த செடியிலும் அதே வால். அதற்கடுத்த கொடியிலும் அதே. இலையின்மேல் நீர் தங்கினால் பாசி படரும். பாசி படர்ந்தால் கிடைக்கும் சிறிதளவு ஒளியும் தடைப்படும். நீரை விரைந்து வடிப்பதற்காகவே இந்த நீள்முனை என்பது தாவரவியலாரின் பரவலான விளக்கம். இருபது ஆண்டுகளாக நான் வரைந்த காடுகளில் எல்லா இலைகளும் மாவிலைகளாகவே இருந்திருக்கின்றன என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது.

நீரின்மேல் ஒரு தொட்டில்

இரண்டாம் நாள் இரவு, தோட்டத்தின் ஓரத்தில் மழைநீர் தேங்கிய ஒரு குட்டைக்கு வழிகாட்டி அழைத்துச் சென்றார். விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார். குட்டைக்கு மேலே தொங்கிய கிளையில், அடித்த முட்டையின் வெண்கரு போன்ற நுரை உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. மலபார் பறக்கும் தவளையின் கூடு அது.

மழைக்காலத்தில் இத்தவளை நீருக்கு மேலுள்ள இலைகளில் நுரையைக் கடைந்து, அதனுள் முட்டையிடுகிறது. நீருக்குள் முட்டைகளை உண்ணக் காத்திருக்கும் உயிர்களிடமிருந்து இவ்வுயரம் காக்கிறது. நுரையின் ஈரம் முட்டைகளை உலராமல் வைத்திருக்கிறது. முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நழுவி நேரே கீழேயுள்ள நீரில் விழுகின்றன. கிளையைத் தேர்ந்தெடுக்கும்போதே தாய்த்தவளை குட்டையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறது எனலாம்.

சற்றுத் தள்ளி அத்தவளையே அமர்ந்திருந்தது. உடல் பச்சை, விரல்களுக்கிடையே ஆரஞ்சும் சிவப்பும் கலந்த சவ்வு. அச்சவ்வை விரித்து ஏறத்தாழப் பத்து மீட்டர் தொலைவுவரை அதனால் மிதந்து செல்ல முடியும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தாவியது. ஒரு நொடிகூட இராது. அந்த நொடியில் நான் கண்டது நான்கு சிவந்த விசிறிகள் மட்டுமே. அறைக்குத் திரும்பி, விளக்கொளியில் நினைவிலிருந்து அதை வரைந்தேன். உடல் தெளிவாக அமையவில்லை. கண்கள் இல்லவே இல்லை. நான்கு விசிறிகள் மட்டும் தாளில் இருந்தன. மூன்று மாதங்களில் முதன்முறையாக என் படம் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது.

காளிங்கம் கட்டும் வீடு

ஆகும்பே என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இராஜநாகம். உலகின் நச்சுப் பாம்புகளுள் மிக நீளமானது. ஐந்து மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. சென்னையில் பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் நிறுவிய ரோமுலஸ் விட்டேகர், 1970களின் தொடக்கத்தில் இப்பாம்பை முதன்முதலாகக் காட்டில் கண்டது ஆகும்பேயில்தான். அந்த ஊரை மறவாத அவர் 2005ஆம் ஆண்டு இங்கே மழைக்காட்டு ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இராஜநாகத்தின் உடலில் சிறு வானொலிக் கருவியைப் பொருத்தி, அதன் நடமாட்டத்தைக் காட்டிலேயே பின்தொடர்ந்து அறியும் ஆய்வு பிறகு இங்கு நடைபெற்றது.

இங்குள்ள மக்கள் இப்பாம்பைக் 'காளிங்க சர்ப்பம்' என்பர். வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிப்பதில்லை. பிடித்துக் காட்டில் விடுவோரை அழைப்பதே வழக்கம். 2024ஆம் ஆண்டு அறிவியலாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் இராஜநாகத்தைத் தனி இனமாக அறிவித்தபோது, அவ்வினத்திற்கு அந்த ஊர்ப்பெயரையே சூட்டினர்: ஒஃபியோஃபேகஸ் காளிங்கா.

மூன்றாம் நாள் காலையில், ஓடைக்கு அப்பால் மூங்கில் புதரடியில் ஒரு சருகுக் குவியலை வழிகாட்டி தொலைவிலிருந்தே சுட்டிக்காட்டினார். "அதற்கு மேல் ஓர் அடியும் வேண்டாம், அக்கா" என்றார். இராஜநாகத்தின் கூடு அது. பாம்பினங்களில் இவ்வாறு சருகுகளைத் திரட்டிக் கூடு கட்டுவது இராஜநாகம் ஒன்றே. கைகளும் அலகும் இல்லாத ஓர் உயிர், தன் உடலையே வளைத்து வளைத்து இலைகளை இழுத்துக் குவிக்கிறது. பருவமழைக்கு முன்பே இட்ட முட்டைகள், மழை கொட்டும் மாதங்களில் அக்குவியலுக்குள் நனையாமல் இருக்கின்றன. மேலே அழுத்தமாகப் படிந்த இலைகள் நீரை வழித்துவிடுகின்றன. உள்ளே மக்கும் சருகு முட்டைகளுக்கு வேண்டிய வெப்பத்தைத் தருகிறது.

நான் பாம்பைக் காணவில்லை. ஒரு மணி நேரம் சருகுக் குவியலொன்றைத் தொலைநோக்கியால் பார்த்திருந்ததே அந்தக் காலையின் முழு வரவு. மழை ஓயாது பெய்தது. நான் தலை முதல் கால்வரை நனைந்திருந்தேன். இருபதடி உயர மூங்கில்களும் நனைந்திருந்தன. அந்தக் குவியலின் நடுவே மட்டும் உலர்ந்த ஓர் இடம் இருக்கிறது என்ற எண்ணம் என்னைவிட்டு அகலவேயில்லை. என் நூலின் நடுப்பக்கத்திற்கு என்ன வரைய வேண்டும் என்பது அங்கே முடிவாயிற்று.

எழுத்தும் திரையும் பிறந்த மண்

காட்டிலிருந்து ஊக்கம் பெற இங்கு வந்த முதல் ஆள் நான் அல்லன் என்பதை அன்று மாலை உணர்ந்தேன். ஊருக்குள் 'தொட்டமனை' என்னும் பழைய முற்றம் வைத்த பெரிய வீடு ஒன்று உள்ளது. 1980களில் ஆர்.கே. நாராயணின் மால்குடிக் கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக இயக்கிய சங்கர் நாக், நாராயணின் கற்பனை ஊருக்கு உடலாகத் தேர்ந்தெடுத்தது ஆகும்பேயை. சுவாமியும் அவன் நண்பர்களும் ஓடித் திரிந்த தெருக்கள் இவை; அவ்வீடும் அத்தொடரில் இடம்பெற்றது. ஒவ்வொரு கதைக்கும் முன்னே தோன்றும் கோட்டோவியங்களை வரைந்தவர் நாராயணின் தம்பியும் புகழ்பெற்ற கேலிச்சித்திரக் கலைஞருமான ஆர்.கே. லட்சுமண். வங்கி வாடிக்கையாளர்கள் படிக்கும் இதழில் இன்னொன்றையும் நினைவூட்டலாம்: கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப்பெட்டியுடன் அமர்ந்து, கடன் விண்ணப்பம் நிரப்பித் தரும் மார்கய்யாவும் மால்குடிவாசியே.

தீர்த்தஹள்ளி வட்டத்திலேயே உள்ள மற்றொரு சிற்றூர் குப்பளி. கன்னட இலக்கியத்திற்கு முதல் ஞானபீட விருதைப் பெற்றுத் தந்த குவெம்பு வளர்ந்த வீடு அங்கே இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. மலைநாட்டின் காடும் மழையும் மனிதரும் அவருடைய படைப்புகளின் மூச்சு. 'மலெகளல்லி மதுமகளு' என்னும் அவரது நாவலின் களமும் இதுவே. வீட்டுக்குப் பின்னே குன்றின்மேல் 'கவிசைல' என்ற பாறைவெளி உள்ளது. குவெம்பு அமர்ந்து சிந்தித்த அந்த இடத்திலேயே 1994இல் மறைந்த அவரது நினைவிடமும் உள்ளது. அங்கே நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டியவரை காடுதான்.

சிரித்த பறவை

நான்காம் நாள் விடியலில் யாரோ ஒரு சிறுவன் சீழ்க்கையடித்தபடி தோட்டத்தைக் கடந்து செல்வதாக எண்ணி எழுந்தேன். மெட்டு தொடங்கும், தயங்கும், வேறு பக்கம் திரும்பும், பாதியில் நிற்கும். அது சிறுவனல்ல, சீகாரப் பூங்குருவி. மழைக்காலத்தில்தான் அது மிகுதியாகப் பாடும். கருநீல உடலும் தோளில் பளிச்சிடும் நீலமும் நன்றாகத் தெரியுமாறு ஓடைக்கல்லின்மேல் அமர்ந்திருந்தது.

அதை வரைந்துகொண்டிருந்தபோது, காட்டின் விளிம்பிலிருந்து பெருஞ்சிரிப்பு ஒன்று எழுந்தது. யாரையோ எள்ளி நகைப்பது போன்ற கரகரத்த குரல். வழிகாட்டி என் தோளைத் தொட்டு, பழங்கள் காய்த்திருந்த ஓர் அத்தி மரத்தைக் காட்டினார். சாம்பல் நிறப் பறவை ஒன்று கிளையில் தாவி, பழத்தை அலகு நுனியில் பற்றி, மேலே வீசி, தொண்டைக்குள் வாங்கிக்கொண்டது.

"மலபார் சாம்பல் இருவாச்சி" என்றார்.

அரை நிமிடமே இருந்தது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் நான் கண்டது என்னைத் திடுக்கிட வைத்தது. அதன் அலகின்மேல் கொம்பு போன்ற புடைப்பு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இந்த இருவாச்சிக்கு அது கிடையாது. புடைப்பு பெரும் இருவாச்சிக்கும் வேறு சில இனங்களுக்கும் உரியது. அந்தச் சிறுமி விரல் வைத்த பக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது. அக்கதையில் வருவது சாம்பல் இருவாச்சி. நான் வரைந்திருந்ததோ சாம்பல் நிறம் பூசிய பெரும் இருவாச்சி. ஆயிரக்கணக்கான குழந்தைகள் கையில் அந்தப் படம் இருக்கிறது.

"அவ்வளவு தூரம் வந்து பார்த்துவிட்டீர்களே, ஏன் முகம் வாடிவிட்டது?" என்று வழிகாட்டி கேட்டார். சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் பத்து வயதுவரை சீகாரப் பூங்குருவியை எங்கள் ஊர்ப் பையன் என்றே நினைத்திருந்தேன், அக்கா" என்றார்.

திரும்பிய பின்

பெங்களூர் திரும்பியதும் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த அச்சில் அந்தப் படத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார்கள். மழைக்காட்டு நூலின் பழைய வரைவுகள் அனைத்தையும் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இலைகளுக்கு இப்போது வால் முளைத்திருக்கிறது. தவளைக்கு நான்கு விசிறிகள் மட்டுமே. நடுப்பக்கம் முழுவதும் மழை. அதன் நடுவே உள்ளங்கை அளவு உலர்ந்த இடம்.

அதே பள்ளி நூலகத்திற்குச் சென்ற மாதம் மீண்டும் போயிருந்தேன். அச்சிறுமி இப்போது நான்காம் வகுப்பு. அவளைத் தேடிச் சென்று, "அன்று நீ கேட்டபோது நான் அந்தப் பறவையைப் பார்த்திருக்கவில்லை. பார்த்ததாகச் சொன்னது தவறு. இப்போது பார்த்துவிட்டேன். அதன் அலகையும் நான் தவறாக வரைந்திருக்கிறேன்" என்றேன்.

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து, தன் பென்சிலை என்னிடம் நீட்டினாள். நூலகரின் பார்வை எங்கள்மேல் இருக்க, நான் புடைப்பைச் சுற்றி ஒரு கோடிட்டு, 'இது இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

"அது எப்படிக் கத்தும்?" என்று கேட்டாள்.

நூலகத்தில் அமைதி காக்க வேண்டும் என்ற அறிவிப்பு சுவரில் இருந்தது. ஆயினும் அதைச் சிரித்தே காட்டினேன்.

பயணம் செல்வோர்க்கு

பருவம்: தவளைகளையும் மழையையும் காண ஜூன் முதல் செப்டம்பர் வரை. எளிதாக நடக்கவும் பறவைகளைப் பார்க்கவும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. கடும் மழையில் சில பாதைகள் மூடப்படுவதுண்டு. புறப்படும் முன் கேட்டறிக.

வழி: கொங்கண் இரயில் தடத்தில் உடுப்பியில் இறங்கிப் பேருந்திலோ வாடகைக் காரிலோ செல்லலாம். சிவமொக்காவிலிருந்து தீர்த்தஹள்ளி வழியாகவும் வரலாம்.

உடன் கொள்ள: அட்டை புகாத நீளக் காலுறை, மழை அங்கி, கைவிளக்கு, தொலைநோக்கி, பென்சில், நீர் புகாத குறிப்பேடு.

பணம்: மழைக்காலத்தில் மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் தடைப்படுவது இயல்பு. மின்னணுப் பரிவர்த்தனையை மட்டும் நம்பாமல், உடுப்பியிலோ தீர்த்தஹள்ளியிலோ தேவையான ரொக்கத்தை எடுத்துக்கொள்வது நல்லது. ஓராண்டுத் தொடர் வைப்பாக மாதந்தோறும் சிறு தொகை ஒதுக்கினால் இத்தகைய பயணம் குடும்பச் செலவைப் பாதிக்காது.

ஒழுங்கு: காப்புக்காட்டிற்குள் வனத்துறை அனுமதியுடனும் உள்ளூர் வழிகாட்டியுடனும் மட்டுமே செல்க. தவளையைக் கையில் எடுப்பதும், மின்னொளி பாய்ச்சிப் படமெடுப்பதும், பதிவுசெய்த குரலை ஒலித்துப் பறவையை வரவழைப்பதும் கூடாது. கூடுகள் இருக்கும் இடத்தைச் சமூக ஊடகங்களில் வெளியிட வேண்டாம். நெகிழியை அங்கே விட்டு வராதீர்கள்.